மார்புச் சதையா, தொடைச் சதையா, குடலா? தொண்டையை மறுபடி அமைக்கும் அறுவையில் எதைத் தேர்வது

தொண்டைப் புற்றுநோய் வந்த ஒரே நோயாளி, ஒரே ஸ்கேன், இரண்டு மருத்துவமனைகள். ஓரிடத்தில் “மார்புச் சதையைத் திருப்பி வைத்துத் தைத்துவிடலாம்” என்கிறார்கள். இன்னோரிடத்தில் “தொடையிலிருந்து எடுப்போம், காலையில் தொடங்கினால் முடிய இரவாகிவிடும்” என்கிறார்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து மதுரைக்கு வரும் குடும்பங்கள் இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு கேட்பது ஒரே கேள்விதான்: “எது நல்லது, நீங்களே சொல்லுங்கள்.” போன மாதம் ஒரு மகள், அப்பாவின் எண்டோஸ்கோப்பி அறிக்கையோடு வந்து, மூன்றாவதாக ஒருவர் குடல் துண்டு வைக்கலாம் என்கிறாரே என்று கலங்கிப்போய்க் கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

என் வேலை, இந்த அறுவை முடிந்தவர்களை மறுபடி விழுங்கவும் பேசவும் பழக்குவது. கத்தி பிடிப்பவள் அல்ல. எனவே தியேட்டருக்குள் நடப்பதைவிட, அதிலிருந்து வெளியே வந்த பிறகு வரும் மாதங்களை வைத்தே இவற்றை எடைபோடுகிறேன். அறுவை மருத்துவர் ஒருவர் இதை எழுதினால் வரிசை மாறலாம்.

## ஒப்பிடும் முன்பு

கீழ்த்தொண்டையிலும் உணவுக்குழாயின் மேல்முனையிலும் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோம். பீடி, சுருட்டு, சாராயம், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாம் இதற்குப் பழைய காரணங்கள். நம் கிராமங்களில் இன்னொன்றும் உண்டு: பல வருடம் ரத்தசோகையோடு வாழ்ந்த பெண்களுக்கு, புகையிலையே தொடாதவர்களுக்கும்கூட, குரல்வளைக்குப் பின்புறம் இந்த நோய் வருகிறது. சோறு இறங்கவில்லை என்று ஒரு வருடம் கஞ்சியிலேயே ஓட்டிவிட்டு, கஞ்சியும் இறங்காதபோதுதான் பலர் வருகிறார்கள்.

முதல் கேள்வி: அறுவை வேண்டுமா? எல்லோருக்கும் வேண்டாம். கரண்ட் வைத்தல் என்று வார்டில் சொல்லும் கதிர்வீச்சையும் கீமோவையும் சேர்த்துக் கொடுத்துக் குரல்வளையைக் காப்பாற்றும் வழி பலருக்கு உண்டு. குரல்வளைக் குருத்தெலும்பை நோய் அரித்திருந்தாலோ, குடிப்பதெல்லாம் ஏற்கெனவே நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருந்தாலோ, கரண்ட் வைத்த பிறகு நோய் திரும்பியிருந்தாலோதான் அறுவை முன்னால் வருகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த முடிவா இது என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இரண்டாவது: எவ்வளவு எடுக்கப் போகிறார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் மார்பா தொடையா என்று பேசுவது வீண். குரல்வளையோடு தொண்டைச் சுவரின் ஒரு பகுதி மட்டும் போய், மீதி தாராளமாக இருந்தால் அதையே சேர்த்துத் தைத்துவிடலாம். வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கும் குறைவாக ஒரு பட்டைதான் மிஞ்சுகிறது என்றால், அதோடு ஒட்டுப் போட வேண்டும். வட்டமாக முழுச் சுவரும் போனால் புதிதாக ஒரு குழாயே வேண்டும். நோய் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியிருந்தால் மொத்த உணவுக்குழாயையும் எடுத்துவிட்டு இரைப்பையை மேலே கொண்டுவர வேண்டும். ஆக ஒட்டா, குழாயா, நெஞ்சுக்குள்ளும் போகிறதா என்ற மூன்றில் உங்கள் அப்பா எங்கே நிற்கிறார் என்பதைத்தான் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மருத்துவமனைகளும் இரண்டு விதமாகச் சொன்னதற்குக் காரணம் பெரும்பாலும் இதிலேயே கிடைத்துவிடும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் வைக்க வேண்டியது கசிவு. புதிதாகத் தைத்த தொண்டையிலிருந்து எச்சில் கழுத்துக்குள் இறங்கி, தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கழுத்துச் சிவப்பு, கெட்ட வாடை என்று தலைகாட்டும். சின்னக் கசிவு கட்டுப்போட்டே ஆறிவிடும். பெரியது மாதக்கணக்கில் இழுக்கும். எச்சில் கழுத்தின் பெரிய ரத்தக்குழாயை அரிக்க ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. இதில் வெளியே தெரியாத ஒரு விலையும் இருக்கிறது. அறுவைக்குப் பின் கரண்ட் வைக்க வேண்டியவர்களுக்கு அதைச் சுமார் ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். கழுத்தில் ஓட்டையோடு இருப்பவருக்குத் தொடங்க முடியாமல் போகும். நோய்க்கு அந்த அவகாசம் லாபம். தொண்டை எவ்வளவு அழகாக விழுங்குகிறது என்பதைவிட, குறித்த நாளில் கரண்டுக்குப் போக முடிந்ததா என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அடுத்தது சுருக்கம். புதுக் குழாயும் பழைய உணவுக்குழாயும் சேரும் தையல் வளையம் சில மாதங்களில் இறுகி, இட்லியே நின்றுவிடும். பிறகு எண்டோஸ்கோப்பி வைத்து விரித்துவிட வேண்டும், சிலருக்குத் திரும்பத் திரும்ப.

குரல் மூன்றாவது. குரல்வளை போய்விட்டது, மூச்சு இனி கழுத்துத் துளை வழியாகத்தான். மூச்சுக்குழாய்க்கும் புதுத் தொண்டைக்கும் இடையே ஒரு சிறு துளையிட்டு வால்வு பொருத்தினால், நுரையீரல் காற்று தொண்டைச் சுவரை அதிரவைத்துப் பேச்சு வரும். சிங்கர், புளோம் என்ற இருவர் 1980இல் கொண்டுவந்த முறை இது. அதிர்வது எந்தத் திசு என்பதைப் பொறுத்துக் குரல் மாறும்.

பிறகு, சதையை எடுத்த இடத்துக்கு என்ன ஆகிறது என்பது. தோள் தூக்க முடியாமல் போனால் மூட்டை தூக்குபவருக்கு ஒரு கணக்கு, வீட்டில் இருப்பவருக்கு வேறு கணக்கு.

கடைசியாக மருத்துவமனையின் இரவு. தொடை, முன்கை, சிறுகுடல் மூன்றிலும் திசுவை அதன் ரத்தக்குழாயோடு வெட்டியெடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் கழுத்து ரத்தக்குழாய்களோடு தைக்கிறார்கள். பழகிய கைகளில் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிழைத்துக்கொள்கிறது. ஆனால் அந்த ரத்தக்குழாயில் உறைவு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் வரும். அதை மணிக்கொரு முறை பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு நர்ஸும், கண்டுபிடித்தால் நள்ளிரவிலும் தியேட்டரைத் திறக்க ஒரு குழுவும் வேண்டும். இது இல்லாத இடத்தில் மிகச் சிறந்த திசுவும் மோசமான தேர்வுதான். சொன்ன எல்லா அளவுகோல்களிலும் குடும்பங்கள் கேட்காமலே விட்டுவிடுவது இதைத்தான்.

## மார்புச் சதை

1979இல் ஸ்டீபன் ஆரியன் விவரித்த முறை. மார்பின் பெரிய தசையை, அதன் மேலுள்ள தோல் துண்டோடும் தோள்பட்டைப் பக்கமிருந்து வரும் ரத்தக்குழாயோடும் விடுவித்து, காறை எலும்பைத் தாண்டிக் கழுத்துக்குள் திருப்பிவிடுகிறார்கள். ரத்தக்குழாயை எங்கும் வெட்டுவதில்லை, மைக்ராஸ்கோப் வேண்டாம், சில மணி நேரம் மிச்சம். நெஞ்சுச் சளியும் சர்க்கரையும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அந்தச் சில மணி நேரம் சின்ன விஷயமில்லை.

இதன் இன்னொரு பலம், கரண்ட் வைத்துக் கெட்டிப்பட்ட கழுத்தில் தெரியும். அங்கே தையல் ஆறுவதே கஷ்டம். புது ரத்த ஓட்டத்தோடு ஒரு கனமான தசை வந்து தையலின் மேல் படுத்துக்கொள்ளும்போது கசிவு குறைகிறது, கசிந்தாலும் பெரிய ரத்தக்குழாயை அது மூடிக் காக்கிறது. தொண்டைச் சுவரைச் சேர்த்துத் தைக்க முடிந்த நோயாளிக்குக்கூட, முன்பு கரண்ட் வைத்திருந்தால், மேலே ஒரு போர்வையாக இந்தத் தசையை வைப்பதுண்டு.

ஒட்டுப் போட இது நல்ல திசு. முழுக் குழாய் செய்ய அவ்வளவாகத் தோதுப்படாது. தோல், கொழுப்பு, தசை மூன்றும் சேர்ந்த தடிமனைச் சுருட்டுவது மெத்தையைச் சுருட்டிப் புனலுக்குள் திணிப்பது போலத்தான். உட்பக்கம் குறுகிவிடும், தையல் இழுபடும். அதனால் சிலர் முழுதாகச் சுருட்டாமல் மூன்று பக்கச் சுவரை மட்டும் இதில் அமைத்து, பின்பக்கத்தை முதுகெலும்பின் முன்னுள்ள உறையோடு தைத்துவிடுகிறார்கள். பருமனானவர்களுக்கும் பெண்களுக்கும் சிக்கல் கூடும். பெண்களுக்கு மார்பகம் ஒருபக்கமாக இழுபடும். இதை அறுவைக்கு முன்பே அவர்களிடமே சொல்ல வேண்டும். கணவரிடம் சொல்லிவிட்டோம் என்று நகர்ந்துவிடக் கூடாது. ஆண்களுக்கு வேறொரு விசித்திரம்: நெஞ்சு முடி தொண்டைக்குள்ளும் வளரும். கரண்ட் வைத்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வைக்காதவர்கள் சிலர் மாதக்கணக்கில் தொண்டையில் ஏதோ உறுத்துகிறது என்று வருவார்கள்.

தோள் கொஞ்சம் பலம் குறையும். கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும்போது தோள் நரம்பும் தொந்தரவுப்பட்டிருந்தால் இரட்டைச் சுமை. மறுபக்கத் தோளை வைத்துச் சமாளிக்கப் பழகலாம், ஆனால் பிசியோதெரபி முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

## தொடைத் தோல்

சீன மருத்துவர்கள் 1984இல் விவரித்தது. தொடையின் முன்-வெளிப் பக்கத்திலிருந்து தோலும் அதன் அடியிலுள்ள வெண்மையான உறையும் சேர்ந்து எடுக்கப்படுகின்றன. இன்று முழுக் குழாய் தேவைப்படும்போது நுண்ணறுவைக் குழு உள்ள பல இடங்களில் முதலில் கைவைப்பது இங்கேதான். கழுத்தில் ஒரு குழு நோயை எடுத்துக்கொண்டிருக்கும்போதே தொடையில் இன்னொரு குழு வேலை செய்யலாம். தோலைச் சுருட்டித் தைத்த பிறகு அந்த வெண்ணுறையை இரண்டாவது அடுக்காகச் சுற்றித் தைக்கலாம். கசிவுக்கு எதிராக அது நல்ல காவல். வயிற்றைத் தொட வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குத் தோல் சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர் அகலம் வேண்டும். எட்டு சென்டிமீட்டர் வரை எடுத்தால் தொடையை அப்படியே இழுத்துத் தைத்துவிடுவது வழக்கமாக முடியும். அதற்கு மேல் போனால் பலருக்குத் தோல் ஒட்டு வைக்க வேண்டியிருக்கும். ஒட்டு வைத்தால் அந்த இடம் ஆறச் சில வாரம் கூடுதல். வேட்டிக்குள், சேலைக்குள் மறைந்துவிடும் தழும்பு என்பதால் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நடை பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை.

நம் ஊரில் இந்த நோயோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இளைத்துப்போனவர்கள். மெல்லிய தொடை, சுருட்ட வசதி. அதே தொடை பருமனாக இருந்தால் மார்புக்குச் சொன்ன தடிமன் சிக்கல் இங்கேயும் வரும்.

குரல் என் பக்கத்து விஷயம். தொடைத் தோல் குழாயில் வால்வு வைத்தவர்கள் கரகரப்பாக, தாழ்ந்த குரலில், ஆனால் போனில் புரிகிற மாதிரிப் பேசுகிறார்கள். சிறுகுடல் வைத்தவர்களின் ஈரக் குரலைவிட இதைக் கேட்பது எளிது. தோலுக்குத் தானாகச் சுருங்கித் தள்ளும் சக்தி கிடையாது. உணவு அதன் கனத்தாலும் நாக்கு தள்ளும் வேகத்தாலும்தான் இறங்குகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீரோடு சாப்பிடப் பழக்குகிறேன்.

பாதகம் நான் மேலே சொன்ன இரவு. கூடவே, ரத்தக்குழாய் அடைப்பு நோய் உள்ளவர்கள், அறுவை நாள் வரை பீடியை விடாதவர்கள், முன்பு கழுத்தில் அறுவையும் கரண்டும் இரண்டும் நடந்து தைக்க நல்ல ரத்தக்குழாயே மிஞ்சாதவர்கள். இவர்களுக்கு மார்புச் சதை என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவர் பழைய காலத்து ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

## முன்கைத் தோல்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1981இல் சீனாவிலிருந்து வெளிவந்த முறை. மெல்லிய, மடங்கும் தோல். ஒட்டுப் போட அருமையானது. குழாயாகவும் செய்யலாம், ஆனால் தொடைத் தோல் கையில் இருக்கும்போது பலர் இதை இரண்டாவதாகவே வைக்கிறார்கள். கையின் இரண்டு முக்கிய ரத்தக்குழாய்களில் ஒன்றை எடுத்துவிடுவதால், மற்றது தனியாகத் தாங்குமா என்று முன்கூட்டியே மணிக்கட்டை அழுத்திச் சோதிப்பார்கள். தழும்பு எல்லோர் கண்ணிலும் படும். தறி நெய்பவர், நகை வேலை செய்பவர் எந்தக் கையால் வேலை செய்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எடுப்பது மற்றக் கையிலிருந்து.

## சிறுகுடல் துண்டு

சைடன்பெர்க் குழு 1959இல் செய்துகாட்டியது. நியாயமாகப் பார்த்தால் இதுதான் இயல்பான விடை: ஏற்கெனவே குழாய், உட்புறம் ஈரம், நீளவாக்கில் தையலே வேண்டாம், மேலும் கீழும் இரண்டு வளையம் மட்டும். அதனால் கசிவும் சுருக்கமும் குறைவு என்று இதை விரும்பும் மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கரண்ட் வைத்து வாய் வறண்டவர்களுக்கு அந்த ஈரம் வரம்.

ஆனால் வயிற்றைத் திறக்க வேண்டும். முன்பு வயிற்று அறுவைகள் நடந்து குடல் ஒட்டிக்கிடப்பவர்களுக்கும், நெஞ்சுச் சளி நோய் உள்ளவர்களுக்கும் அது தனிச் சுமை. ரத்தமில்லாமல் குடல் தாங்குவது சுமார் இரண்டு மணி நேரம்தான். தோலுக்குக் கிடைக்கும் அவகாசம் இதற்குக் கிடைக்காது. கழுத்துக்குள் வந்த பிறகும் அது தன் வழக்கப்படி சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். திசை பார்த்துத்தான் தைப்பார்கள். இருந்தாலும் நாம் விழுங்கும் தாளம் வேறு, அதன் தாளம் வேறு. சிலருக்கு உணவு நின்று நின்று இறங்கும். வால்வு வைத்தால் குரலில் தண்ணீர்க் குடத்துச் சத்தம் கலந்திருக்கும். தினமும் பலரோடு பேசிப் பிழைக்கும் ஒருவர் என்றால் நான் இதற்குத் தயங்குவேன். பேச்சைவிடச் சாப்பாடே பெரிது என்று தெளிவாகச் சொல்பவர்களும் உண்டு, அவர்களுக்கு இது சரி.

## இரைப்பையை மேலே இழுப்பது

ஓங், லீ இருவரும் 1960இல் வெளியிட்ட முறை. நோய் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தால் இங்கே ஒப்பீடே இல்லை. மற்ற வழிகள் கழுத்தோடு நின்றுவிடும். உணவுக்குழாய் முழுவதையும் எடுத்துவிட்டு, இரைப்பையை அதன் வலப்பக்க ரத்தக்குழாய்களோடு நெஞ்சுக்கூட்டின் வழியே தொண்டை வரை கொண்டுவந்து தைக்கிறார்கள். தையல் ஒரே ஒரு வளையம். மைக்ராஸ்கோப் வேண்டாம். ஆனால் கழுத்து, நெஞ்சு, வயிறு என்று மூன்று இடத்தில் கைவைக்கும் அறுவை. உயிராபத்து மற்ற வழிகளைவிடக் கூடுதல். ஐசியூ நாட்களும் கூடும்.

பிறகு வாழ்க்கையின் சாப்பாட்டு ஒழுங்கே மாறும். மூன்று வேளைச் சாப்பாடு ஆறு வேளையாகப் பிரியும். குனிந்தால் சாப்பிட்டது மேலே வரும். அதனால் குனிந்து நாற்று நடுவது, கோலம் போடுவது எல்லாம் சாப்பிட்ட உடனே கூடாது. தலைமாட்டை உயர்த்திப் படுக்க வேண்டும். இனிப்பு அதிகம் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வரும். ஒரு பெரிய டம்ளர் ஜிகர்தண்டாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மயங்கிப்போய் வந்தவரைப் பார்த்திருக்கிறேன். குரல் மெலிந்து, காற்றோடு வரும்.

திராவகம் குடித்துத் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்து அடைத்துப்போனவர்கள் வேறு கூட்டம். அவர்களில் இரைப்பையும் வெந்திருக்கக்கூடும் என்பதால் பெருங்குடலை மேலே கொண்டுவருவதுண்டு. அந்தத் தேர்வு இந்தக் கட்டுரையின் கணக்கில் அடங்காது. அவர்களில் பலருக்குக் குரல்வளையைக் காப்பாற்றவும் முடியும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| எதைப் பார்ப்பது | மார்புச் சதை | தொடைத் தோல் | சிறுகுடல் | இரைப்பை |
|---|---|---|---|---|
| எதற்குத் தோது | ஒட்டு, போர்வை | ஒட்டு, குழாய் | குழாய் | நெஞ்சுக்குள் இறங்கிய நோய் |
| மைக்ராஸ்கோப் குழு | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் | வேண்டாம் |
| வயிற்றைத் திறப்பது | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| குழாயாக்கினால் கசிவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு | குறைவு, ஆனால் வந்தால் ஆபத்து |
| வால்வோடு குரல் | கனத்தது, சிலருக்கு வராது | கரகரப்பு, தெளிவு | ஈரம் கலந்தது | மெலிந்தது |
| எடுத்த இடத்தின் விலை | தோள், மார்பின் வடிவம் | தொடைத் தழும்பு | வயிற்றுத் தையல் | சாப்பாட்டு முறை முழுவதும் |
| தாங்கும் உடல் | பலவீனமானவரும் | ஓரளவு தெம்பு | நல்ல தெம்பு | மிக நல்ல தெம்பு |

இந்தக் கட்டங்களை மதிப்பெண் அட்டையாக எண்ணிக் கூட்டிப் பார்க்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது குழாய் என்றால் மார்புச் சதைக் கட்டங்களின் பாதி அர்த்தம் போய்விடும். ஒட்டு என்றால் சிறுகுடல், இரைப்பைக் கட்டங்களே வேண்டாம்.

## பில்லில் வராத செலவு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ₹1,20,000க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் வேண்டும். அட்டை இல்லாதவர்கள் அறுவைத் தேதி வாங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனாலும் தனியாருக்குப் போனாலும் அட்டை கையில் இருப்பது நல்லது. சென்னைக்கோ வேலூருக்கோ போவதாக இருந்தால் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்றோடு.

அறுவைச் செலவு இதில் அடங்கினாலும் கூட இருப்பவரின் கூலி அடங்காது. எல்லாம் சரியாகப் போனால், மாவு மருந்து குடிக்கவைத்துப் படமெடுத்து, கசிவில்லை என்று பார்த்து, ஒன்றிரண்டு வாரத்தில் வாய்வழி உணவு தொடங்குவோம். கரண்ட் வைத்திருந்த தொண்டைக்கு இன்னும் தாமதிப்போம். கசிந்தால் மூக்குக் குழாயில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், இரண்டு மணிக்கொரு முறை கஞ்சியும் பாலும் ஊற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மனைவி அல்லது மருமகள். அவர் வேலைக்குப் போக முடியாத நாட்களையும் உங்கள் ஒப்பீட்டில் சேருங்கள். சுருக்கத்தை விரித்துவிடத் திரும்பத் திரும்ப வரும் பஸ் செலவையும்தான்.

வால்வு என்றென்றைக்கும் இருக்காது. சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், வெளிநாட்டு வால்வு விலை கூடுதல். பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் குழு உருவாக்கிய மலிவான வால்வும் உண்டு, விசாரியுங்கள். மாற்ற முடியாத தூரத்தில் இருப்பவருக்குக் கழுத்தில் வைத்துப் பேசும் பேட்டரிக் கருவியே நடைமுறையில் நல்லது. ஒரே தட்டையான இயந்திரக் குரல், ஆனால் வால்வு போலக் கசிவதில்லை.

தைராய்டையும் அதன் அருகிலுள்ள சுண்ணாம்புச் சுரப்பிகளையும் சேர்த்து எடுத்திருந்தால் தைராய்டு மாத்திரையும் கால்சியமும் வாழ்நாள் முழுக்க. மாதக் கணக்கில் இது பெரிய தொகை இல்லை. மறந்தால் மட்டும் பெரிய தொகை.

இவை எல்லாத் திசுக்களுக்கும் பொது. கழுத்துத் துளையும் அப்படியே. வைகையிலோ கண்மாயிலோ இறங்கிக் குளிக்க முடியாது. தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது துருத்தியில் தண்ணீர் பீய்ச்சும் கூட்டத்துக்குள் போகவே வேண்டாம், டிவியில் பாருங்கள். மூச்சை அடக்கித் தம்பிடித்துத் தூக்க முடியாது என்பதால் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர் அந்த வேலைக்குத் திரும்புவது கஷ்டம். மூக்கில் காற்றுப் போகாததால் வாசனை தெரியாது: கேஸ் கசிந்தாலும் தெரியாது. மயங்கி விழுந்தால் ஆக்ஸிஜனைக் கழுத்துத் துளையில் வைக்க வேண்டும், வாயில் வைத்துப் பயனில்லை. இதை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

## யாருக்கு எது

அந்த மகளின் அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, இளைத்த உடல், கரண்ட் இதுவரை வைக்கவில்லை, முழு வட்டமும் எடுக்க வேண்டிவரும் என்று ஸ்கேன் சொல்கிறது. இப்படிப்பட்டவருக்கு, இரவிலும் இயங்கும் நுண்ணறுவைக் குழு இருக்கும் இடத்தில் தொடைத் தோல் என்றுதான் என் விருப்பம். அப்படி ஒரு குழு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, சென்னைக்குச் சுமார் 460 கிலோமீட்டர் போய் மாதங்கள் தங்க வீட்டில் ஆளில்லை என்றால், மார்புச் சதையைத் தினமும் செய்யும் கையில் மார்புச் சதை. எப்போதோ ஒருமுறை செய்யும் கையில் தொடையைவிட அது எவ்வளவோ மேல்.

கரண்ட் வைத்த பிறகு திரும்பிய நோய், ஒரு பட்டைச் சுவர் மிஞ்சுகிறது: மார்புச் சதை, யோசிக்காமல். அதே நிலையில் பருமனான ஒரு பெண் என்றால் முன்கையைக் கேட்டுப் பாருங்கள். வாய் வறண்டு, வயிறு கத்தி படாதது, உடம்பு தெம்பு, சாப்பாடே முதன்மை: சிறுகுடல். நெஞ்சுக்குள் நோய்: இரைப்பை. அதைத் தாங்கும் உடல் இல்லையென்றால் அறுவையை விட்டுவிட்டு, குழாய் வழி உணவும் வலி மருந்துமாகக் கண்ணியமாகப் பார்த்துக்கொள்வதும் ஒரு தேர்வுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். ஒட்டா, குழாயா? சென்ற ஆண்டு இந்த அறுவையை இங்கே எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேருக்குக் கசிந்தது? ரத்தக்குழாய் அடைத்தால் இரவில் யார் வருவார்? இந்தத் திசு கெட்டுப்போனால் அடுத்து எதை வைப்பீர்கள்? கரண்ட் எந்தத் தேதியில் தொடங்கும்? வால்வு அப்போதே வைப்பீர்களா, பிறகா? பேச்சு, விழுங்கல் பயிற்சிக்கு ஆள் இருக்கிறாரா? கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் போங்கள்.

தேதி கிடைத்த அன்றே பீடியையும் புகையிலையையும் நிறுத்தவைத்து, மூக்குக் குழாய் போட்டாவது உடம்பைத் தேற்றத் தொடங்குங்கள். ரத்தம் குறைவாக இருந்தால் அதையும் முன்பே சரிசெய்ய வேண்டும். பட்டினி கிடந்த உடம்பில் எந்தத் தையலும் ஆறாது. அறுவைக்கு முந்தைய நாள், அப்பாவின் குரலை, பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாகவே இருக்கட்டும், போனில் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். பலர் பிறகு கேட்டு வருந்துவது அது இல்லையே என்றுதான்.